ரோமாபுரி அழுக்கு

கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுவது சீலா ரீச்சரின் வேலை. கூலிக்கு ஆள் பிடித்துச் செய்விக்கலாம்தான். செய்வித்தும் பார்த்தார். ஆள் கழுவிவிட்டுப் படலையைத் தாண்டியதும், அதே இடத்தில் குந்தி இன்னொருதரம் தேய்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. ஒரே அழுக்குக்கு இரண்டு பேர் பாடுபடுவானேன் என்று, அதற்குப் பிறகு ஆளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

மார்கழி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையில் தேங்காய்ப் பொச்சும் மறுகையில் குளோரின் தூளுமாக ரீச்சர் குந்தியிருந்தார். நத்தார்ப் பண்டிகை வருகிறது என்பது ஒரு காரணம். நத்தார் வராவிட்டாலும் தேய்த்திருப்பார். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் சீலா ரீச்சரின் வீட்டுக் கிணற்றடியில் இலை போடாமல் சோறு சாப்பிடலாம் என்று ஒரு பேச்சு உண்டு. சாப்பிட்டுப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு ரீச்சருக்குப் பென்சனைவிடப் பெரிது.

பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர் அவர். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மிசன் அம்மாமார் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேதத்தையும் சவர்க்காரத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கொடுத்தார்கள், சீலாவின்ரை பரம்பரை இரண்டாவதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்று அவருடைய கணவர் கனகரட்ணம் மாஸ்ரர் பகிடி விடுவார். பகிடியில் உண்மை இல்லாமலில்லை. தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் பொதி கட்ட, ரீச்சர் ஈர்க்குமாறொன்றையும் சேர்த்துக் கட்டினார். ஒதுங்கிய பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கள் பாய் விரித்த மூலையைச் சோக்கட்டியால் கோடு கீறிப் பிரித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் செருப்போடு வரக்கூடாது என்று சட்டம் போட்டார். செபிக்க வந்த போதகர் ஐயாவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் செபித்தார்.

அப்படிப்பட்டவரின் ராச்சியம் தன் சொந்த வீட்டிலேயே ஓரிடத்தில் முடிந்துவிடும். அது மாஸ்ரரின் புத்தக அறை வாசல்.

மாஸ்ரர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தேடுவதைத் தொழிலாக்கிக்கொண்டார். சொல் எந்த நாட்டில் பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்படிக் கெட்டுப்போனது என்று, கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிறவர்களைப்போல ஆராய்வார். ஆராய்ந்ததைக் காலையில் வட்ஸ்அப்பில் பேசிப் பழைய மாணவர்களுக்கு அனுப்புவார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற அந்தப் பிள்ளைகள் கேட்டார்களோ இல்லையோ, பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்தப் பெருவிரல்களால் மாஸ்ரர் உயிர் வாழ்ந்தார். அறைக்குள் அகராதிகளும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் நிலத்திலிருந்து யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தன. கறையான் தன் பங்குக்கு ஒரு மூலையை எடுத்திருந்தது. துடைக்கப் போனால் அடையாளம் வைத்த பக்கம் குழம்பிவிடும் என்று ரீச்சருக்கு அங்கே தடை. வாசலில் நின்று பார்த்து ஒரு பெருமூச்சு விடுவதோடு சரி.

அந்த வருடம் ரீச்சரின் மனம் முழுக்க முன் அறையில் இருந்தது. மகள் மதுஷாவுக்கு மாசியில் பிள்ளை பிறக்க இருந்தது. முதல் பிள்ளை. மதுஷா நல்லூரில் கணவன் றொபினின் வீட்டில் இருக்கிறாள். மாமியார் செபஸ்தியம்மாவும் கூட. முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. செபஸ்தியம்மா முறையை மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி எங்கடை வீட்டிலையிருந்து கூப்பிடு தூரம், வட்டுக்கோட்டை றோட்டிலை பள்ளம் வேறை என்று கதையோடு கதையாக இரண்டொருதரம் சொல்லி வைத்திருந்தார். ரீச்சர் அதற்குப் பதில் வாயால் சொல்லவில்லை. முன் அறைக்கு வெள்ளை அடித்தார். மெத்தையை வெயில் கண்ட நாளெல்லாம் வெளியே போட்டெடுத்தார். பிள்ளை பெற்றவளுக்கான சரக்கை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தார். இந்த வீட்டை ஒருவரும் குறை சொல்ல முடியாது என்பதே அவருடைய பதில்.

முன் அறைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறை கட்டி, அதிலே இங்கிலிஷ் கொமட் ஒன்று வைப்பதாக மாஸ்ரர் பொறுப்பெடுத்தார். கொமட்டை உடனே வாங்கினார். மேசன் நாளைக்கு வாறன் என்று சொன்னான். அவன் சொன்ன நாளை வரவில்லை. வெள்ளை வெளேரென்ற கொமட் வேலியோரம் வாழைக்கடியில் வானத்தைப் பார்த்தபடி மேசனுக்காகக் காத்திருந்தது. மழை தொடங்கியதும் ரீச்சர் அதைப் பொலித்தீன் விரிப்பால் மூடி, மேலே கல்லும் வைத்தார்.

கிணற்றடி பாதி வெளுத்திருந்தபோது படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. டெங்கு ஒழிப்பு வாரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிரகலாதனும் ஒரு பொலிஸ்காரரும் வந்தார்கள். பிரகலாதன் மாஸ்ரரிடம் படித்தவர். வேண்டாவெறுப்பாகத்தான் வளவைச் சுற்றினார். கிணற்றடியைப் பார்த்து, உங்கடை வீட்டிலை என்னத்தைப் பாக்கிறது ரீச்சர் என்று திரும்பப் போனவர், வாழைக்கடியில் நின்றார். டோர்ச்சை அடித்துக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார்.

"குடம்பி நிக்குது, ரீச்சர்."

"நான் மூடியெல்லே விட்டனான்" என்றார் ரீச்சர். பொச்சு கையிலேயே இருந்தது.

விறாந்தையில் நின்ற மாஸ்ரர், மாணவனுக்குப் பாடம் விளக்குகிற குரலில் சொன்னார்: "அந்தப் பொலித்தீனை நான்தான் எடுத்தனான். புத்தக அறை ஒழுகுது. கொமட் நனைஞ்சா என்ன, அது நனையப் பிறந்த சாமான்."

பிரகலாதனுக்கு வேறு வழியில்லை. கொமட்டுக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிவதைப் பொலிஸ்காரரும் பார்த்துவிட்டார். பிரகலாதன் நீதிமன்றத் தவணையோடு அறிவித்தலை எழுதினார். எழுதும்போதுதான் அந்த மனிதர் ஒரு மரியாதை செய்ய நினைத்தார். தன்னுடைய ஆங்கில ஆசிரியருக்கு எழுதுகிறோமே என்று, வளவின் நிலைமை என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் போட்டார். 'ஸ்குவாலிட்' என்று போட்டார். அழுக்கும் சீர்கேடும் பிடித்த இடத்துக்குச் சொல்கிற சொல். அவருடைய துறைக் கையேட்டில் அந்தச் சொல் இருந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத் தவணையைப் பற்றி மாஸ்ரர் கவலைப்படவில்லை. குடம்பியைப் பற்றியும் கவலைப்படவில்லை. சொல்லைப் பார்த்துத்தான் கொதித்துப்போனார்.

"உவன் பிரகலாதன். சோதினையிலை இங்கிலிஷுக்கு விழுந்து விழுந்து எழும்பினவன். எனக்கு எழுதுறான், ஸ்குவாலிட் எண்டு."

"பேர்தான் உங்கடை. சொல்லு எனக்கெல்லே எழுதியிருக்கு" என்றார் ரீச்சர்.

மாஸ்ரர் அதைக் கேட்காமலே புத்தக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. பொழுதுபட வெளியே வந்தபோது கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. முகத்தில் பெண் கேட்டுப் போன இடத்தில் ஆம் என்று சொல்லிவிட்டதுபோன்ற களை.

அன்றிரவு புட்டைக் குழைத்தபடி அவர் சொன்னதன் சாரம் இது. அந்தச் சொல் லத்தீன்காரருடையது. முதலில் அழுக்கு என்பது அதற்கு முதன்மைப் பொருளே இல்லை. கரடுமுரடாக இருப்பது, பொருக்குத் தட்டியிருப்பது என்பதுதான். உழுவாரில்லாமல் கிடக்கிற வயலுக்கும் அந்தச் சொல்தான். பொன் தகடு செதிலாகப் பதித்த போர்க்கவசத்துக்கும் அதே சொல்தான். பிரகலாதன் தெரியாமல் எங்கடை வீட்டைப் பொன் பொருக்கு எண்டு எழுதிப்போட்டான் என்று மாஸ்ரர் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. அவர், அறிவித்தலைப் பொலிஸ்காரர் வாங்கி வாசித்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் நின்றார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மாஸ்ரரைச் சாப்பிடவிடாமல் வைத்திருந்த விசயம் வேறு. ரோமாபுரியில் அந்தச் சொல்லின் கூடப்பிறந்த ஸ்குவாலருக்குத் துக்கக் கோலம் என்றும் பொருளிருந்தது. அங்கே ஒருவன்மேல் வழக்கு வந்தால், அவன் தாடியை மழிக்காமல், தலையை வாராமல், அழுக்குத் துணி உடுத்திக்கொண்டுதான் நீதிபதிக்கு முன்னால் போவான். பெரிய பெரிய பிரபுக்களே அப்படித்தான் போனார்கள். பார்க்கிறவர்களுக்கு மனம் இளகும். அது ஏமாற்றில்லை, வழக்கம். நான் துயரப்படுகிறேன் என்று வாயால் சொல்லாமல் உடம்பால் சொல்வது.

"விளங்குதோ? அவன் என்னை ஸ்குவாலிட் எண்டிட்டான். நான் ஸ்குவாலரோடையே கோட்டுக்குப் போறன். சரித்திரத்திலை இதுக்கு இடமிருக்கு."

ரீச்சர் கறிச்சட்டியைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாக, பின்வாங்கிலிருக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இஞ்சருங்கோ. போனமா, பிழைதான் ஐயா எண்டமா, தண்டத்தைக் கட்டினமா, வந்தமா எண்டு இருக்கவேணும். பிள்ளை வரமுன்னம் உது முடியவேணும். செபஸ்தியம்மான்ரை காதுக்குப் போகக்கூடாது."

"அதுதான் நானும் சொல்லுறன். முடியும். வடிவா முடியும்."

அடுத்த நாளிலிருந்து மாஸ்ரர் சவரம் செய்யவில்லை. நத்தார் ஆராதனைக்கு நரைத்த முள்ளுத்தாடியோடு வந்து, முன்வரிசையில் இருந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். மாஸ்ரருக்குச் சுகமில்லையோ என்று கேட்டவர்களுக்கெல்லாம், தோலிலை ஒரு சின்னக் கடி, மருந்து பூசுறார் என்று ரீச்சர் பொய் சொல்லிக்கொண்டு நின்றார். ஆண்டவர் பிறந்த நாளில் தேவாலய வாசலில் நின்று பொய் சொல்ல வைத்ததை அவர் மன்னிக்கவில்லை.

கோட்டுக்குப் போடுகிற சேட்டு விசயத்தில்தான் பெரிய யுத்தம். மாஸ்ரர் வாழைக்குப் பாத்தி கட்டும்போது போட்டிருந்த சேட்டை, வழக்குக்கென்று தோய்க்காமல் கட்டிலுக்கடியில் எடுத்துவைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது வெளுத்து, இஸ்திரி போட்டு, அலுமாரியில் தூங்கியது. ரீச்சர் வேண்டுமென்று செய்யவில்லை. கட்டிலுக்கடியில் துடைக்கும்போது கை தானாக எடுத்துவிட்டது. மாஸ்ரர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்னொரு சேட்டை எடுத்துச் சேற்றிலும் வியர்வையிலும் ஊறவிட்டு, இந்த முறை புத்தக அறையில் கறையான் மூலையில் வைத்துப் பூட்டினார்.

தவணைக்கு முதல்நாள் அவர் இன்னுமொரு வேண்டுகோள் வைத்தார். ரோமாபுரியில் வழக்கில் மாட்டினவனின் வீட்டுக்காரரும் அதே கோலத்தில்தான் போவார்களாம். ஆகவே சீலாவும் ஒரு பழஞ்சேலையை உடுத்து, தலையை அவிழ்த்துவிட்டு வந்தால் நல்லது.

"நான் செத்தாலும் கசங்கின சேலையோடை கோட்டுப்படி ஏறமாட்டன்" என்றார் ரீச்சர்.

"அப்ப உமக்குச் சரித்திரத்திலை நம்பிக்கையில்லை."

"எனக்குச் சவர்க்காரத்திலைதான் நம்பிக்கை."

அன்று பின்னேரம் ரீச்சர் வெள்ளைக் கைத்தறிச் சேலைக்குக் கஞ்சி போட்டார். திருவிருந்து ஆராதனைக்குப் போடுவதுபோல இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கல்விப் பணிப்பாளர் வந்த காலத்தில் போடுவதுபோலக் கெட்டியாகப் போட்டார். வெயில் மங்கலாக இருந்தபடியால் குசினிக்குள் அடுப்புச் சூட்டில், புகைக்கு எட்டாத இடத்தில் கொடி கட்டிக் காயவிட்டு, கொய்யகத்தின் மடிப்பை ஒவ்வொன்றாக மடித்து இஸ்திரிபோட்டார். வீட்டின் மானம் நாளைக்கு அந்தக் கொய்யகத்தில்தான் நிற்கப்போகிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

நீதிமன்றத்தில் அன்று டெங்கு வழக்குகள் வரிசையாக இருந்தன. பழைய ரயர் அடுக்கியிருந்த கராஜ்காரர், பூச்சட்டித் தட்டில் தண்ணீர் விட்டிருந்த ஓர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், தண்ணீர்த் தொட்டி மூடாத சாப்பாட்டுக் கடைக்காரர். எல்லாரும் சவரம் செய்து, கொலர் பட்டன்வரை பூட்டி, ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு நின்றார்கள். பிழைதான் கனம் நீதவான் அவர்களே என்றார்கள், தண்டம் விதிக்கப்பட்டது, போனார்கள். ரீச்சர் பின்வாங்கிலிருந்து அதைப் பார்த்தார். எவ்வளவு சுலபமான காரியம்.

கனகரட்ணம் என்று கூப்பிட்டதும் மாஸ்ரர் கூண்டில் ஏறினார். சேட்டின் நிறம் என்னவென்று சொல்ல முடியாது. கொலரில் சேறு பொருக்குத் தட்டியிருந்தது. தலை கரிக்குருவிக் கூடு. பழைய ரப்பர் செருப்பின் வார் ஒன்றை ஊசியால் குத்தியிருந்தார். அதுவும் ஏற்பாட்டின் பகுதிதான். கைகளைக் கூப்பியபடி, பிரபுவைப்போல நிமிர்ந்து நின்றார். இந்தக் காட்சியின் பொருத்தத்தை ரோமாபுரியைத் தெரிந்தவர்கள் மட்டுந்தான் புரிந்திருப்பார்கள். அன்று அங்கே ரோமாபுரியைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நீதவான் இளம் பெண். மனச்சாட்சியோடு வேலை செய்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. கோப்பிலிருந்து கண்ணை எடுத்தவர், எடுத்தபடியே கொஞ்சநேரம் இருந்தார்.

"ஐயா என்ன வேலை செய்தீர்கள்?"

"ஆங்கில ஆசிரியர், கனம் நீதவான் அவர்களே."

"இப்போது யாரோடு இருக்கிறீர்கள்?"

"என்னுடைய மனைவியோடு."

"அவர் வந்திருக்கிறாரா?"

ரீச்சர் எழும்பினார். கஞ்சி போட்ட சேலை எழும்பும்போது ஒரு சத்தம் போடும். நிசப்தமான மண்டபத்தில் அது புதுக் கடதாசி விரிக்கிற சத்தம்போலக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். நீதவானின் பார்வை மாஸ்ரரின் கொலரிலிருந்து ரீச்சரின் தோளில் நின்ற கொய்யகத்துக்கு வந்தது. அங்கிருந்து திரும்பவும் கொலருக்குப் போனது. அந்தப் போக்குவரத்தில் என்ன முடிவாகிறது என்று ரீச்சருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

"அம்மா என்ன வேலை செய்தீர்கள்?"

"மனையியல் ஆசிரியை" என்றார் ரீச்சர்.

யாரோ செருமுகிற மாதிரிச் சிரித்தார்கள். அரச தரப்பில் நின்ற பிரகலாதன், ரீச்சர் அப்பிடியானவ இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. மாஸ்ரர், கனம் நீதவான் அவர்களே, இந்தக் கோலத்துக்கு ஒரு வரலாறு உண்டு, பண்டைய ரோமாபுரியில் என்று தொடங்கினார். நீதவான் கனிவோடு கையுயர்த்தி, ஐயா களைத்துவிடாதீர்கள் என்றார். ஐயாவை மருத்துவரிடம் காட்டுகிறார்களா என்று பொலிஸாரிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

ரீச்சர் நின்றுகொண்டே இருந்தார். உண்மையைச் சொல்லலாம். ஐயா வேண்டுமென்றே இப்படி வந்திருக்கிறார், வீட்டில் தோய்த்த சேட்டு அலுமாரி நிறைய இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், நீதிமன்றத்தைப் பகிடி பண்ணினதாக அந்த மனிசனைத் தூக்கி உள்ளே போட்டாலும் போடுவார்கள். சொல்லாவிட்டால் போவது தன்னுடைய பேர். ரீச்சர் சொல்லவில்லை.

மாஸ்ரர் கடுமையான எச்சரிக்கையோடு விடப்பட்டார், தண்டம்கூட இல்லை. ரீச்சருக்கு, முதிய கணவரைப் பராமரிப்பது சட்டத்தின் கடமை மட்டுமல்ல, மனிதக் கடமையுமாகும் என்று ஓர் அறிவுரை சொல்லப்பட்டது. சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது. படியிறங்கும்போது மாஸ்ரர் மனைவியின் காதுக்குள், பாத்தீரோ, சொன்னனெல்லே என்றார். அவருக்கு அது வாழ்நாள் வெற்றி.

பொழுதுபட முன்பே செய்தி இணையத்தில் வந்துவிட்டது. 'அழுக்கு உடையுடன் மன்றில் முதிய ஆசிரியர்: பளபளத்த சேலையில் மனைவி! நீதவான் கடும் கண்டனம்.' பேர் போடவில்லை. வட்டுக்கோட்டை, ஓய்வுநிலை ஆங்கில ஆசிரியர், மனையியல் ஆசிரியை என்று போட்டிருந்தது; இனிப் பேர் எதற்கு. கீழே கனடாக்காரரும் பிரான்ஸ்காரரும் தாயகத்துப் பெண்களின் வீழ்ச்சியைப் பற்றிக் கண்ணீர் வடித்திருந்தார்கள். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் வாசித்தார். பளபளத்த சேலை என்று எழுதியவனுக்குக் கைத்தறிக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்பதும் அவருக்கு ஓர் ஓரமாக வலித்தது.

அடுத்தநாள் இரண்டு பொடியள் உலர் உணவுப் பொதியோடு படலையைத் திறந்தார்கள். ஒருவனிடம் தடியில் பூட்டிய போன் இருந்தது. கைவிடப்பட்ட முதியவர்களுக்கு உதவுகிற யூரியூப் சனலாம். ரீச்சர் அவர்களை விறாந்தையில் இருத்தி, மினுக்கிய கிளாசில் தேத்தண்ணி கொடுத்தார். நிலத்தில் முகம் பார்க்கலாம்போல இருந்தது. பொடியள் சங்கடப்பட்டார்கள். இந்த வீட்டை எடுத்துப் போட்டால் பொதி ஏன் கொண்டுபோனாய் என்று சனம் கேட்கும். வேறை அறையில்லையோ அம்மா என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

மாஸ்ரர் புத்தக அறைக் கதவை அகலத் திறந்து, வாருங்கோ தம்பியவை என்றார்.

அங்கே அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. கறையான் புற்றுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, தாடியைத் தடவியபடி, மாஸ்ரர் ஸ்குவாலர் என்ற சொல்லின் சரித்திரத்தை வயலிலிருந்து கவசம் வழியாக நீதிமன்றம்வரை கொண்டுவந்தார். பொடியள் எல்லாவற்றையும் பதிவுசெய்தார்கள். வெளியே போட்டபோது சரித்திரத்தைக் காணவில்லை. யன்னல் மட்டத்துப் பத்திரிகைக் குவியலும், உடைந்த செருப்பும், 'நான் துயரப்படுகிறேன் என்று வாயால் சொல்லவில்லை' என்ற ஒரு துண்டும், பின்னணியில் சோகப் புல்லாங்குழலும் மட்டும் இருந்தன.

சமூக சேவை உத்தியோகத்தர் நிரோஜினியும் வந்தார். குசினி, அலுமாரி, கட்டில், கிணற்றடி எல்லாம் பார்த்துத் திகைத்து, இப்பிடி ஒரு வீட்டை நான் காணேல்லை ரீச்சர் என்று சொல்லி, நல்லபடியாக எழுதிக்கொண்டு போனார். அதை யாரும் இணையத்தில் போடவில்லை.

செபஸ்தியம்மா அந்தக் கிழமை முழுவதும் பேசவில்லை. அதுதான் ரீச்சருக்குப் பயம். சனிக்கிழமை போன் வந்தது. குரலில் பாலும் தேனும். றொபின் வீடியோவைக் காட்டினதாகவும், நாங்கள் உதொண்டும் நம்பேல்லை அக்கா, சனத்துக்கு வேறை வேலையில்லை என்றும் சொன்னார். மாஸ்ரரின் உடம்பைக் கேட்டார். மழையைக் கேட்டார். வட்டுக்கோட்டைப் பக்கம் நுளம்பு குறைஞ்சுதோ என்று கேட்டார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

"வயித்திலை பிள்ளையோடை டெங்கு வந்தா என்னமாதிரி எண்டு உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் படிப்பிச்சனீங்கள். பிள்ளை இஞ்சையே நிக்கட்டும் அக்கா. உங்களுக்கும் மாஸ்ரரைப் பாக்கிறதே பெரிய வேலை. நீங்கள் நினைச்ச நேரம் வந்து பாக்கலாம்தானே."

வந்து பார்க்கலாம். ஆப்பிள் இரண்டும் ஹோர்லிக்ஸ் போத்தலும் வாங்கிக்கொண்டு, முன் கதிரையில் இருந்து, பிள்ளையைக் கையில் தந்தால் வாங்கி, வாங்கினதைத் திரும்பக் கொடுத்துவிட்டு வரலாம். ரீச்சர், அந்தக் கொமட்டை அண்டைக்கே அகற்றியாச்சு, வளவிலை ஒரு சிரட்டைகூடக் கிடையாது என்றார். ஓம் ஓம், தெரியும் அக்கா என்றார் செபஸ்தியம்மா, கேட்காத குரலில். போன் மகளிடம் கைமாறியது.

"அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றாள் மதுஷா. "முதல்லை அப்பாவைக் கவனியுங்கோ. அவற்றை சேட்டுகளை ஒருக்கா எடுத்துத் தோய்ச்சு விடுங்கோவன்."

பெற்ற மகள். ரீச்சர் சரி என்று சொல்லிப் போனை வைத்தார். அழவில்லை. எதிரிலிருந்த சுவர்க் கடிகாரத்தில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இல்லை.

பிறகு நேரே நடந்து, ஒருநாளும் கேட்காமல் போகாத புத்தக அறைக்குள் போனார். மாஸ்ரர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அந்த வழக்கைப் பற்றி மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருந்தார். தாடியை எடுத்துவிட்டிருந்தார். கன்னம் இரண்டும் பளிச்சென்று இருந்தன. இந்த முறை பெருவிரல்கள் வழக்கத்தைவிட நிறைய வந்திருந்தன. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சிலர் பதில் எழுதியும் இருந்தார்கள். கொஞ்சம் பொறும் என்று மனைவிக்குக் கை காட்டினார். ரீச்சர் பொறுக்கவில்லை.

"மதுஷா இஞ்சை வரேல்லையாம். பிள்ளைப்பேறு அங்கைதானாம்."

மாஸ்ரர் போனைக் கீழே இறக்கினார். பேச்சு அரைவாசியில் நின்றது. சிரிப்பு முகத்தைவிட்டுப் போய், வயது வந்து உட்கார்ந்தது.

"ஏனாம்?"

ரீச்சர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பகிடியில்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின காரணம் தெரிந்தவருக்கு, போன கிழமையின் காரணம் தெரியவில்லை.

"இஞ்சேரும், ஏனாம் எண்டு கேட்டனெல்லே?"

இரண்டாம் தரம் அவர் கேட்டபோது, ரீச்சர் பத்திரிகைக் கட்டொன்றைக் காலால் ஒதுக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.